முக்கால் மணிக்குப் படிந்த பேரம்

தம்பி, அந்த பெஞ்சில் உட்காராதீங்க, ஒரு கால் ஆடும். இந்தப் பக்கம் வாங்க. குழந்தை முகத்தில் வெயில் படாமல் அப்படித் திருப்பிப் பிடிங்க. ஆங், அவ்வளவுதான். எத்தனை மாசம்? பதினொன்றா? இன்னும் உட்காரவில்லையா? சரி, அதை ஏன் காதோடு காதாகச் சொல்றீங்க? இங்கே வந்திருக்கிற அத்தனை பேரும் ஏதோ ஒன்றை இன்னும் செய்யாத குழந்தையைத்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறோம். ஓடுகிற, பாடுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பயிற்சி மையத்துக்கு எவன் வருவான்?

முதல் தடவையா? டோக்கனைப் பிடித்திருக்கிற பிடியிலேயே தெரியுது. அப்படிக் கசக்காதீங்க. நம்பர் தெரியாவிட்டால் வாட்ச்மேன் உள்ளே விடமாட்டார். என்னை மட்டும் எதுவும் கேட்க மாட்டார். என்னிடம் அவருக்கு ஒரு பயம். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

ஒரே ஒரு யோசனை சொல்கிறேன், கேட்டுக்கங்க. உள்ளே ஜெபசெல்வி என்று ஒரு மேடம் இருக்காங்க. தூத்துக்குடிப் பக்கம். சின்னப் பெண்தான், ஆனால் வலுவான ஆள். வீட்டில் குழந்தைக்கு நாள்தோறும் ரெண்டு மணி நேரம் பயிற்சி கொடுக்கணும் என்று ஆரம்பிப்பாங்க. ஒத்துக்காதீங்க. சொன்ன விலைக்கு வாங்குகிறவன் உலகத்திலேயே ஒருத்தன்தான், அவன் பெயர் ஏமாளி. நான் பேசிப் பேசி முக்கால் மணிக்குப் படிய வைத்தேன்.

நம்பவில்லையா? அந்தச் சுவரில் ஒட்டியிருக்கிற தாளைப் படிங்க. 'வீட்டுப் பயிற்சி: நாள்தோறும் முக்கால் மணி நேரம், மூன்று வேளையாகப் பிரித்து.' நான் பேசி முடித்த பிறகு எல்லாருக்குமாகச் சேர்த்து அச்சடித்து ஒட்டிவிட்டார்கள். உங்களுக்கெல்லாம் என்னால் கிடைத்த சலுகை அது. ஒரு ஆள் இதுவரை வந்து நன்றி சொன்னதில்லை. என்ன? தாள் பழசாகத் தெரியுதா? வெயிலடிக்கிற சுவர் தம்பி, எதை ஒட்டினாலும் மஞ்சளாகிவிடும்.

நான் மாட்டுத் தரகு. வியாழக்கிழமைச் சந்தையில் சென்னியப்பன் என்று சொன்னால் மாடே திரும்பிப் பார்க்கும். பன்னிரண்டு வயசில் அடுத்தவன் மாட்டுக்குக் கயிறு பிடிக்கப் போனவன். என்னை உட்கார வைத்து யாரும் எதையும் சொல்லிக்கொடுத்ததில்லை. எருமை உதைத்துச் சொல்லிக்கொடுத்தது. இந்த ரெண்டு பல் அப்போது போனது. ஏமாற்றினவன் ஏமாற்றியே சொல்லிக்கொடுத்தான். இருபத்திரண்டு வருசமாகச் சொந்தமாகத் தரகு பார்க்கிறேன், எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. பஸ் டிக்கெட் ஒன்றுதான் விதிவிலக்கு. அதையும் ரெண்டு தடவை கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

எனக்குக் கோபம் வராது. வரும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

எங்கள் தொழிலில் விலையை வாயால் பேசுவதில்லை, தெரியுமா? சுற்றி நிற்கிறவன் காதில் விழக்கூடாது. ரெண்டு பேர் கைமேல் ஒரு துண்டைப் போட்டு, அதுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசுவோம். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, ரெண்டு விரலைப் பிடித்தால் ரெண்டு. ஆயிரமா பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். கடைசியில் உள்ளங்கையோடு உள்ளங்கையைச் சேர்த்து அமுக்கினால் பேரம் படிந்தது. அதுக்கப்புறம் வேறொருவன் அதிக விலை சொல்லிக்கொண்டு வந்தாலும் பேச்சு மாறாது. துண்டுக்கு அடியில் ஒருத்தன் கையைப் பிடித்தால் போதும், அவனுக்கு அவசரமா, பொய் சொல்கிறானா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறானா, எல்லாம் எனக்குத் தெரியும். இதில் ஒரே ஒரு சட்டம். முதலில் கையை நீட்டுகிறவன் தேவைக்காரன். நான் முதலில் நீட்டியதே கிடையாது. எதிராளி நீட்டுகிற வரைக்கும் வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்பேன்.

அப்படிப்பட்டவனுக்குப் பிறந்த பெண், கையையே விரிக்க மாட்டேன் என்றாள்.

பூவிகா. அவள் அம்மா கலாமணி வைத்த பெயர். கல்யாணமாகி ஒன்பது வருசம் கழித்து, அதுவும் ஏழாம் மாசத்திலேயே வந்துவிட்டாள். பிறக்கும்போது ஒரு சோளக்கதிர் நீளம். ரெண்டு கையும் மூடியே இருந்தது, கட்டை விரல் உள்ளே. பார்க்க வந்தவர்களிடம் நான்தான் சிரித்துக்கொண்டு சொன்னேன், "தரகன் மகள், விலையைக் கைக்குள்ளயே வெச்சிருக்கா" என்று. எல்லாரும் சிரித்தார்கள். கலாமணி சிரிக்கவில்லை.

எட்டாம் மாசம் கலாமணி சொன்னாள், "ஏனுங்க, புள்ளை இன்னும் கையை விரிக்கலையே."

"விரிப்பா. இப்ப விரிச்சு எந்த மாட்டைப் பிடிக்கப் போறா?"

ஒரு வயசில் சொன்னாள். ஒன்றரை வயசில் சொன்னாள். நான் அதே பதிலைச் சொன்னேன். பேரத்தில் ஒரு தடவை சொன்னதிலிருந்து இறங்கக்கூடாது.

ரெண்டு வயசில் அவள் நடந்தாள். முழங்கையைச் சுவரில் ஊன்றி ஊன்றி நடப்பாள். கீழே கிடக்கிற டப்பா மூடியைக் கால் விரலால் எடுப்பாள். உள்ளங்கையில் ஒரு சோற்றுப் பருக்கை பட்டால் போதும், வீடு இடிகிற மாதிரிக் கத்துவாள். கலாமணிதான் ஊட்டணும். அம்மாவைக் கட்டிப்பிடிப்பாள், முழங்கையால். நான் கையை நீட்டினால் சுருட்டிக்கொள்வாள்.

ஊரில் இருக்கிற அத்தனை பேர் கையும் என் கைக்குள் வந்து போயிருக்குது தம்பி. என் பெண் கை வரவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்லவில்லை என்று வைத்துக்கங்க.

ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை, கலாமணி என்னைக் கேட்கவே இல்லை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள். நான் பைக்கில் பின்னால் போய் மறித்து, ரோட்டில் வைத்துப் பேசி, கடைசியில் பைக்கை அங்கேயே நிறுத்திவிட்டு நானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்தேன். என் முடிவுதான். இங்கே வந்தால் போர்டில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று எழுதியிருக்குது.

"ஏம் மேடம், ரெண்டு வயசுப் புள்ளைக்கு என்ன தொழில்?" என்று கேட்டேன்.

"விளையாடுறது, தொடுறது, தானா சாப்பிடுறது. குழந்தைக்கு அதான சார் தொழிலு" என்றாங்க. அப்புறம், "நீங்க நெருஞ்சி முள்ளு மேல கையை வெச்சா எப்படி இருக்கும்? பாப்பாவுக்குச் சோறு அப்படி இருக்கு. நடிக்கல. அவ கைக்கு அப்படித்தான் தெரியுது. கொஞ்சம் கொஞ்சமாத்தான் பழக்கணும்" என்று சொன்னாங்க.

துண்டை எடுத்து அவள் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் அழுத்தித் துடைத்துக் காட்டினாங்க. மெதுவாக வருடினால்தான் கூசும், முழுக்கையையும் வைத்து அழுத்தினால் உடம்பு அடங்கும் என்றாங்க. நான் சொன்னேன், "இது எனக்குத் தெரியுமே! புது மாட்டை விரல் நுனியால் தொட்டால் உதைக்கும். முழுக்கையையும் அழுத்தி வைத்தால் நிற்கும்." மேடம் நிமிர்ந்து பார்த்து, "சரியாச் சொன்னிய சார்" என்றாங்க. இந்த மையத்தில் என்னைத் தவிர வேறு எந்த அப்பனுக்கும் அந்தப் பாராட்டு கிடைத்ததாகத் தெரியவில்லை.

இருக்கிற சாமானே போதும் என்றாங்க. ஒரு வாளியில் பருத்திக்கொட்டையைக் கொட்டி அதில் பொம்மையைப் புதைத்து வைக்கணும். அவளாக இஷ்டப்பட்டுத் தேடணும். முதலில் காலை விடட்டும், முழங்கையை விடட்டும், கை கடைசியில் வரட்டும். தண்ணீர்க் குடத்தைத் தரையில் தள்ளவிடணும். சேலையில் தூளி கட்டி ஆட்டணும். மாவு பிசையும்போது பக்கத்தில் உட்கார வைக்கணும், தொடு என்று சொல்லக்கூடாது. இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று எனக்கு. ஆனால் பருத்திக்கொட்டையும் தவிடும் என் வீட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்குது. வேறு யாருக்கு இந்த வசதி?

அப்புறம்தான் நேரம் வந்தது. ரெண்டு மணி நேரம் என்றாங்க. நான் பத்து நிமிசம் என்றேன். ஒன்றரை என்றாங்க. நான் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவு வரைக்கும் போனேன். சந்தையில் நான் மூன்றடி வைப்பதுக்குள் கூப்பிட்டுவிடுவார்கள். மேடம் கூப்பிடவில்லை. "சார், டோக்கனை மேசையில வெச்சுட்டுப் போங்க" என்றாங்க. டோக்கனை வைப்பதுக்காகத் திரும்பி வந்தேன். வந்தவன் அப்படியே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு இறங்கினாங்க. அரை மணிக்கு ஏறினேன். கடைசியில் முக்கால். காலையும் மதியமும் கலாமணி, சாயங்காலக் கால் மணி நான். "ரொம்பக் கறாரான ஆளு சார் நீங்க" என்று பெருமூச்சு விட்டாங்க. எனக்கே பாவமாகப் போய்விட்டது.

கலாமணி பஸ்ஸில் கேட்டாள், "சாயங்காலம் உங்க தலையில எப்படிங்க வந்துச்சு?"

"நானாக் கேட்டு வாங்கினேன்" என்றேன். எப்படி வந்தது என்று எனக்கும் இன்றுவரை தெரியவில்லை.

ஆவணி முழுக்க நன்றாகத்தான் போனது. பொம்மையைக் காலால் தேடினாள். ஒருநாள் முழங்கையை வாளிக்குள் விட்டாள். புரட்டாசியில் எனக்கு வேலை. வெளியூர்ச் சந்தை, ஒரு கோயில் மாடு விவகாரம், அந்தியூர்ப் பக்கம் ரெண்டு நாள். ஏழு சாயங்காலம் விட்டுப்போனது. ஏழு கால் எத்தனை? ஒண்ணே முக்கால் மணி. நாணயமான ஆள் நான். ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சில்லறையாகச் செய்தால் என்ன, மொத்தமாகச் செய்தால் என்ன? சரக்கு ஒன்றுதானே?

கன்றுக்கு மூக்கணாங்கயிறு போடும்போது ஒரு பிடி பிடிப்போம். வலிக்காது, ஆனால் திமிற முடியாது. அந்தப் பிடியில் ரெண்டு மணிக்கட்டையும் பிடித்து, கையைப் பருத்திக்கொட்டைக்குள் விட்டேன். கத்தினாள். கன்றும் கத்தத்தான் செய்யும். நான் சமாதானம்தான் சொன்னேன், "விரி! விரிங்கறேன்! உங்கப்பன்தான் சொல்றேன், விரி!" என்று. எதிர்வீட்டுக்காரர் வந்து கேட்டைத் தட்டினார். அவருக்கு எப்போதுமே அடுத்தவன் வீட்டில் வேலை.

ஒண்ணே முக்கால் மணி முடியவில்லை. இருபதாவது நிமிசத்தில் அவள் வாந்தி எடுத்தாள், கலாமணி விளக்குமாற்றோடு வந்தாள்.

"வுடுங்க! புள்ளையை வுடுங்கங்கறேன்!"

"இன்னும் அஞ்சு நாள் பாக்கி இருக்குது."

"பாக்கியா? மாட்டைப் புடிச்சுப் புடிச்சு மனுசக் கையை எப்படிப் புடிக்கறதுன்னே உங்களுக்கு மறந்துபோச்சு!"

இருபத்திரண்டு வருசமாக மனுசன் கையைப் பிடித்துப் பிழைக்கிறவனைப் பார்த்து அந்தச் சொல் சொன்னாள். நான் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு நாள் சாப்பிடவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த நாளிலிருந்து என் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டாலே பூவிகா ரெண்டு கையையும் அக்குளுக்குள் சொருகிக்கொண்டாள். அவ்வளவு வேகமாக அவள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. முன்னேற்றம் என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை இங்கே வந்தோம். மேடம் அவளைப் பாயில் உட்கார வைத்து ஏதோ விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாங்க. எனக்குத் தொண்டையில் ஒரு கரகரப்பு. இருமினேன். பூவிகா கை அக்குளுக்குள் போனது. மேடம் கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தாங்க.

"சார், இன்னொரு தடவை இருமுங்க."

இருமினேன். கை இன்னும் உள்ளே போனது.

"வீட்டுல என்ன நடந்துச்சு?"

கலாமணி மின்விசிறியைப் பார்த்தாள். நான் சொன்னேன். ஒளிக்கிறதுக்கு என்ன இருக்குது? ஏழு கால், ஒண்ணே முக்கால், கணக்கு சரிதானே என்று கேட்டேன். மேடம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. எருமை உதைப்பதுக்கு முன்னால் அப்படித்தான் பார்க்கும்.

"ஏழு நாள் சாப்பாட்டை ஒரே நாள்ல திங்க முடியுமா சார்?" என்றாங்க. "மூணு மாசம் நீங்க பாப்பா கையைத் தொடக்கூடாது."

என் பெண் கையை நான் தொடக்கூடாதா! நான் சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் பேசினேன். வாட்ச்மேன் ஓடிவந்தார், பக்கத்து அறையில் ரெண்டு குழந்தை அழுதது, அந்த பெஞ்சின் கால் ஆடுகிறதே, அது அன்றைக்குத்தான். நானா தள்ளிவிட்டேன்? எழுந்தேன், அது போய் விழுந்தது.

எல்லாம் அடங்குகிற வரைக்கும் மேடம் பந்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம், "மூணு மாசம் முடியாதுன்னா எத்தனை நாள் முடியும்?" என்றாங்க.

அப்படிக் கேட்டால் நான் என்ன செய்வேன் தம்பி? வாய் தானாகப் பத்து நாள் என்றது. இழுத்து இழுத்து முப்பது நாளில் நின்றது. அறுபது நாளை மிச்சம் பிடித்தேன். ஆனால் மேலே ஒன்று கேட்டாங்க, மாடு வாங்கினால் கயிறு கேட்கிற மாதிரி. நாள்தோறும் சாயங்காலம் அதே கால் மணி. தரையில் உட்காரணும். கையை விரித்து மடியில் வைக்கணும். அவள் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். தொட்டாலும் நான் பிடிக்கக்கூடாது, மூடக்கூடாது. பேசக்கூடாது.

"பேசவே கூடாதா?"

"மூச்சு விடலாம்."

கையை முதலில் நீட்டுகிறவன் தேவைக்காரன் என்று எங்கள் தொழிலில் ஒரு சட்டம் இருப்பதை மேடத்துக்கு எடுத்துச் சொன்னேன். "அப்பம் நீங்க தேவைக்காரர் இல்லையா சார்?" என்றாங்க. அதுக்கு நான் ஏதோ நல்ல பதில்தான் சொன்னேன். இப்போது ஞாபகம் வரவில்லை.

முதல் நாள் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை விரித்து வைத்தேன். கலாமணி துணி மடிக்க வந்தவள் நின்றாள். "ஏனுங்க, கோயில் வாசல்ல உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க? சில்லறை ஏதாச்சும் போடட்டுங்களா?"

பதில் சொல்ல முடியாது. ஒப்பந்தம். அவளுக்கு அது தெரியும். அந்த முப்பது நாளில் அவள் பேசிய பேச்சு பதினொரு வருசத்தில் பேசியதில்லை.

எனக்கு மானம் போனது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டேன். துண்டுக்கு அடியில் கை இருப்பது எனக்குப் பழக்கம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. இதை மேடம் சொல்லவில்லை. என் யோசனை. இங்கேதான் தம்பி எல்லாமே இருக்குது.

அஞ்சு நாள் அவள் என் பக்கம் வரவில்லை. பீரோவுக்குப் பக்கத்தில் கையை அக்குளில் வைத்துக்கொண்டு நின்று பார்ப்பாள். ஆறாம் நாள் ரெண்டடி வந்து, துண்டையே பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். ஒன்பதாம் நாள் கால் விரலால் துண்டின் ஓரத்தைத் தூக்கினாள். உள்ளே என் கை. பயந்து விட்டுவிட்டாள். மறுபடி தூக்கினாள். அதே கைதான். விட்டாள். தூக்கினாள். சிரித்தாள் தம்பி. என்னைப் பார்த்து இல்லை, என் கையைப் பார்த்து. நான் "கலாமணி!" என்று கத்த வாயைத் திறந்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். பழமொழிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே. ரெண்டு நாள் காரம் சேரவில்லை.

அதுக்கப்புறம் நாள்தோறும் துண்டுமேல் ஏதாவது கொண்டுவந்து போடுவாள். டப்பா மூடி. துணி மாட்டுகிற கிளிப். கலாமணியின் ஒரு வளையல். எல்லாம் காலால், அல்லது ரெண்டு முழங்கைக்கு நடுவில் வைத்து. நான் அசைய மாட்டேன்.

அந்த வாரம் சந்தையில் ஒரு வேடிக்கை. ஒரு காங்கேயம் காளை. தாராபுரத்து ஆள் கேட்டுக்கொண்டிருந்தார். துண்டுக்கு அடியில் கையை வைத்தவன், ஏதோ ஞாபகத்தில் கையை விரித்தபடியே விட்டுவிட்டேன். பிடிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. பூவிகா அந்த வளையலை எப்படித் தூக்கியிருப்பாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆள் என் முகத்தையே பார்த்துப் பார்த்து வியர்த்துப்போய் அவராகவே ரெண்டு விரல் ஏற்றிவிட்டார். அவருக்கு என்ன அவசரமோ.

இருபத்தாறாம் நாள். கார்த்திகை பிறந்து, மழை பிடித்திருந்தது. நான் ஒரு தகராறில் சட்டை கிழிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே அப்படிக் கொதிக்குது. யாரையாவது நாலு வார்த்தை கேட்டால்தான் அடங்கும். ஆனால் பேசக்கூடாத நேரம். கையைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மழைச் சத்தத்தில் அவள் வந்தது தெரியவில்லை. துண்டு அசைந்தது.

அவள் கை உள்ளே வந்தது.

மூடிய கைதான். கட்டை விரல் உள்ளேதான். என் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது, ஒரு எலுமிச்சம்பழம் அளவு. தம்பி, இந்தக் கை இருபத்திரண்டு வருசமாக ஒரே வேலை செய்கிறது. உள்ளே வந்த கையை மூடிப் பிடிக்கிறது. அன்றைக்கு அது மூடவில்லை. கொஞ்ச நேரம் போனது. அந்த எலுமிச்சம்பழத்திலிருந்து ஒரே ஒரு விரல் வெளியே வந்து, என் சுண்டு விரலைக் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டது.

ஒரு விரல். எங்கள் சந்தையில் அதுக்கு ஒன்று என்று அர்த்தம். எவ்வளவுக்கு ஒன்று என்பது மாட்டைப் பொறுத்தது.

கால் மணி எப்போதோ முடிந்துவிட்டது. கலாமணி வந்து லைட்டைப் போட்டாள். எங்களைப் பார்த்துவிட்டு உடனே அணைத்துவிட்டாள். அன்றைக்கு அவள் கேலி எதுவும் பேசவில்லை.

காலையில் மேடத்துக்குப் போன் போட்டேன். "சார், போனைக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பேசுங்க, காது வலிக்கு" என்றாங்க. அப்புறம், "நீங்க பிடிச்சியளா?" என்று கேட்டாங்க. இல்லை என்றேன். சமயம் பார்த்து, "மேடம், பாக்கி நாலு நாளைத் தள்ளிவிட்டுடலாங்களா?" என்றேன்.

"நாலு நாளும் வேணும் சார்."

பார்த்தீங்களா, எவ்வளவு கறார் என்று?

ஒருநாள் அவங்களே கேட்டாங்க, "நீங்க சத்தம் இல்லாம உக்காந்ததுனால வந்திருப்பாளோ சார்?" என்று. படித்தவர்களுக்கு எதுக்கும் சுற்றிவளைத்து ஒரு காரணம் வேண்டும். அதெல்லாம் ஒன்றும் இல்லை தம்பி. துண்டுதான். சென்னிமலைத் துண்டு, கைத்தறி, ரெண்டு தடவை துவைத்ததாக இருக்கணும். டர்க்கித் துண்டு வாங்கிடாதீங்க, அது வேலைக்கு ஆகாது. உங்கள் குழந்தைக்கு உட்காருவதுதானே பாக்கி? அதுக்கும் துண்டில் ஏதாவது வழி இருக்கும். கேட்டுப் பாருங்க.

இப்போது சோற்றைத் தொடுகிறாள். சிந்துகிறாள், பாதி வாய்க்குப் போகுது. பருத்திக்கொட்டையை அள்ளி என்மேலேயே எறிகிறாள். என்னிடம் ஒரு விரல், சில நாள் ரெண்டு விரல். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். உள்ளங்கை இன்னும் கொடுக்கவில்லை. கலாமணிக்குக் கூடக் கொடுக்கவில்லை. கட்டை விரலை உள்ளே வைத்து மூடிக்கொண்டுதான் மற்ற விரலை நீட்டுவாள். உள்ளங்கை சேர்ந்தால்தானே பேரம் படிந்த மாதிரி? அதுவரைக்கும் இன்னொருத்தன் வந்து கலைத்துவிடலாம், காய்ச்சல் வந்து கலைத்துவிடலாம், நானே ஒருநாள் கத்திக் கலைத்துவிடலாம். கத்துகிற ஆள் இல்லை நான். இருந்தாலும்.

என்ன எழுந்துட்டீங்க? வீட்டுக்கா? முக்கால் மணி கூட அதிகமாகத் தெரியுதா? உட்காருங்க தம்பி. எழுந்து கதவு வரைக்கும் போகிற வித்தையெல்லாம் நான் செய்து பார்த்தாச்சு. உங்களையும் கூப்பிட மாட்டாங்க. டோக்கனைத்தான் கேட்பாங்க.

இருங்க, கதவு திறக்குது, பயிற்சி முடிந்தது. அதோ, கலாமணி. அவள் பின்னால், சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு வருகிறாளே, மஞ்சள் கவுன், அவள்தான். இப்போது கொஞ்சம் பேசாமல் இருங்க. நானும் பேச மாட்டேன். அந்தத் துண்டை மட்டும் இப்படி எடுத்துக் கொடுங்க.

...

மெதுவாகப் பேசுங்க. வந்துவிட்டாள்.

ஒரு விரல். இல்லை, ரெண்டு. மூன்றாவதையும் தேடுகிறாள். ஏற்றுகிறாள் தம்பி, ஏற்றுகிறாள். நான் அசையவில்லை. நீங்களே பாருங்க, அசைகிறேனா? கண்ணுக்கு என்ன, அது வெயிலுக்கு அப்படித்தான்.

நாலு.

தம்பி, கட்டை விரல் வெளியே வந்துவிட்டது.

ஈரமாக இருக்குது. உள்ளங்கை. மூடியே இருந்த கை, ஈரமாகத்தான் இருக்கும். அமுக்குகிறாள். நான் இல்லை, அவள்தான்.

என்ன கலாமணி? மெதுவாப் பேசு. அடுத்த மாசத்துல இருந்து ஒண்ணரை மணி நேரம்னாங்களா? நான் உள்ளே போய்ப் பேசணுமா?

சரின்னு சொல்லிட்டு வா. ஆமா, ஒண்ணரையே. ஏன் அப்படிப் பார்க்கறே? வாட்ச்மேன், நீங்க ஏன் பார்க்கறீங்க?

எப்படித் தம்பி எழுந்து போய்ப் பேரம் பேசுவது? கை அவளிடம் இருக்குது.